மதர்போர்ட்டை மாற்றுமுன்...

சென்ற இதழில் ரைஸ் குக்கரின் வயரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரிகள் சிலர், "வீட்டிலுள்ள கணனியைப் பற்றியும் எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார்கள். எங்கே தொடங்குவதென்று யோசித்துக் கொண்டிருந்தபோதுதான் என் தங்கச்சியின் வீட்டிலிருந்து கோல் வந்தது.

"ராத்தா, மெஷின் திரும்பவும் தானா நிண்டுட்டு. இனி காப்பைத்தான் அடகு வைக்கணும் போல."

மச்சான் மௌத்தான பிறகு, தங்கச்சி வீட்டிலிருந்தபடியே டைப் செய்து கொடுத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கிறாள். பாடசாலைகளின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், கல்யாணப் பத்திரிகைகள், பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரைகள் என்று கைநிறைய வேலை வரும். பழைய மேசைக் கணனி ஒன்றும் ஒரு லேசர் பிரிண்டரும்தான் அவளுடைய முதல். அந்தக் கணனி மூன்று வாரமாக நினைத்த நேரத்தில் நிற்கும், மறுபடி தானாகவே எழும்பும். பாதி டைப் செய்த வினாத்தாள் போய்விடும். கடையில் காட்டினாள். அங்கிருந்த தம்பி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மதர்போர்ட் போயிட்டு, இதுக்குப் பழைய சாமான் இப்ப இல்ல, போர்டும் புரொசஸரும் சேர்த்து மாத்தணும், 65,000 ஆகும்" என்றாராம்.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் எதையும் அளந்து பார்க்கவில்லை என்று தங்கச்சி சொன்னாள். காய்ச்சல் என்று போனவருக்கு வெப்பமானியை வைக்காமலேயே மருந்தெழுதுவது போன்ற வேலை அது. எங்கள் வாப்பா ரேடியோ திருத்தியவர். "முதல்ல கரண்ட் சரியா வருதான்னு பாரு, பிறகு மத்ததைப் பாரு" என்பது அவருடைய வழக்கம். நானும் என் பல்மானியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பல்மானி என்றால் பயந்துவிட வேண்டாம். மல்டிமீட்டர் என்று கேட்டால் ஹார்ட்வெயார் கடைகளில் தருவார்கள். நான் வாங்கியது 1,400 ரூபாய். சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகள், நடுவே திருப்பும் சக்கரம், மேலே இலக்கம் காட்டும் சிறு கண்ணாடி. நல்ல ஒரு சட்டியின் விலைதான்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

நம் நாட்டில் சுவர்ப் பிளக்கில் வருவது 230 வோல்ட் ஆடலோட்ட மின்சாரம். கூடக்குறைய 6 வீதம் மாறலாம் என்பது விதி. அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. கணனியின் நுண்ணிய பாகங்களுக்கு இவ்வளவு பெரிய அழுத்தம் ஆகாது. அவற்றுக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் என்று மிகச் சிறிய அளவில், ஒரே திசையில் ஓடும் நேரோட்ட மின்சாரம். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் கணனியின் பின்பக்கம் விசிறியோடு இருக்கும் இரும்புப் பெட்டி. எல்லோரும் பவர் சப்ளை என்பார்கள். 1995ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்ற தரத்தின்படிதான் பெரும்பாலான மேசைக் கணனிகளின் பவர் சப்ளை இன்றும் அமைகிறது. ஆகவே எந்தக் கம்பனியின் பெட்டியாக இருந்தாலும் வயர்களின் நிறத்தைப் பார்த்து வோல்ட்டைச் சொல்லிவிடலாம்.

மஞ்சள் வயர் 12 வோல்ட். சிவப்பு 5. செம்மஞ்சள் 3.3. கறுப்பு எல்லாம் பூச்சியம், அதாவது எர்த். நீலம் மைனஸ் 12, இக்காலக் கணனிகளில் அதற்குப் பெரிய வேலை இல்லை. ஊதா வயரில் வருவதும் 5 வோல்ட்தான். ஆனால் கணனியை நிறுத்திய பிறகும், பிளக் சுவிச் போட்டிருக்கும் வரை, அதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். (கணனியை "ஓஃப்" செய்துவிட்டேன், இனிப் பயமில்லை என்று பெட்டிக்குள் கைவிடுகிறவர்கள் இந்த ஊதா வயரை நினைவில் வைக்க வேண்டும்.) சாம்பல் நிற வயரில் வருவது ஒரு செய்தி. எல்லா வோல்ட்டும் சரியாக வருகிறது என்று பவர் சப்ளை மதர்போர்ட்டுக்குச் சொல்வது இதன் வழியாகத்தான். இதில் சுமார் 5 வோல்ட் இருக்கும் வரை கணனி ஓடும். அது அறுந்தால் மதர்போர்ட் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். தானாக நின்று எழும்பும் கணனிகளில் பலவற்றின் நோய் இங்கேதான். சில புதிய பவர் சப்ளைகளில் எல்லா வயரும் கறுப்பாகவே வருகின்றன. அவற்றில் நிறத்தை நம்பிக் கைவைக்காமல், அதோடு வந்த கைந்நூலில் எந்தத் துளைக்கு எந்த வோல்ட் என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம்? 12, 5, 3.3 மூன்றுக்கும் அந்தத் தரம் அனுமதித்த அளவு 5 வீதம். மஞ்சள் வயரில் 11.40க்கும் 12.60க்கும் இடையிலும், சிவப்பில் 4.75க்கும் 5.25க்கும் இடையிலும், செம்மஞ்சளில் 3.14க்கும் 3.46க்கும் இடையிலும் இருந்தால் சரி. ஊதாவுக்கும் சிவப்பின் கணக்குத்தான். நீலத்துக்கு மட்டும் 10 வீதம் விட்டிருக்கிறார்கள். 10.80 முதல் 13.20 வரை, முன்னால் மைனஸ் அடையாளத்தோடு. குறைந்தால் கணனி நிற்கும், ஹார்ட் டிஸ்க் சரியாகச் சுழலாது, எழுதிக் கொண்டிருந்த பைல் கெட்டுப்போகும். கூடினால் அதைவிட மோசம், பாகங்கள் சூடேறிக் கருகும். எனவே 12.6ஐத் தாண்டிய பவர் சப்ளையை ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது.

இதைச் செய்யாதீர்கள்

அளக்கும் விதத்தைச் சொல்லுமுன் இதைச் சொல்லியே ஆக வேண்டும். கணனியின் பக்கத் தகட்டைக் கழற்றலாம். பவர் சப்ளை என்ற அந்த இரும்புப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதற்குள் பெரிய கொள்ளளவி ஒன்று இருக்கிறது. பாஸ்மார் கெப்பெசிட்டர் என்பது அதைத்தான். 230 வோல்ட் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும்போது அதில் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் அது அப்படியே இருக்கலாம். ஆளைக் கொல்ல அது போதும். விசிறியில் தூசி அடைத்திருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு வெளியே இருந்தபடியே பிரஷ்ஷால் துடைத்துக் கொள்ளலாம். உள்ளே கம்பி, ஊசி எதையும் விடக் கூடாது. அதேபோல், மலிவுப் பல்மானியைக் கொண்டு சுவர்ப் பிளக்கை அளக்கவும் போக வேண்டாம். அது வயரிங் பாஸின் வேலை.

கையில் இருக்கும் காப்பு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மஞ்சள் வயரின் முனைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே காப்பு விழுந்தால் தீப்பொறி பறக்கும். 12 வோல்ட்டால் ஷொக் அடிக்காது. ஆனால் காப்பு பழுக்கச் சூடாகிக் கை வெந்துவிடும். முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், உள்ளே விசிறிகள் சுழலும். சின்னப் பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுத்தான் இந்த வேலை.

அளந்த கதை

தங்கச்சியின் வீட்டுக்குப் போனதும் முதலில் பல்மானியை எடுக்கவில்லை. எப்போது நிற்கிறது என்று கேட்டேன். "பிரிண்ட் குடுத்தா அதிகமா நிக்குது" என்றாள். மேசைக்குக் கீழே பார்த்தால், ஒரே மல்டி பிளக்கில் கணனி, பிரிண்டர், விசிறி, போன் சார்ஜர் எல்லாம். லேசர் பிரிண்டர் தாளில் மையை உருக்கி ஒட்ட உள்ளே ஒரு சூடாக்கி வைத்திருக்கிறது. அது சூடேறும் கணத்தில் பெருமளவு மின்சாரத்தை இழுக்கும். சில வீடுகளில் மின்குமிழ் மங்கி எரிவதையும் காணலாம். பிரிண்டரை வேறு சுவர்ப் பிளக்குக்கு மாற்றினோம். நிற்பது குறைந்தது. ஆனால் ஓயவில்லை. நல்ல பவர் சப்ளை என்றால் 230 வோல்ட் சற்று இறங்கினாலும், ஏன், 180 வரை வந்தாலும் தாக்குப் பிடித்து 12ஐ 12ஆகவே கொடுக்க வேண்டும். மாலையில் எல்லா வீடுகளிலும் லைட் போடும் நேரத்தில் வோல்டேஜ் குறைகிறது, அதனால்தான் கணனி நிற்கிறது என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் அது பவர் சப்ளையின் பலவீனம்தான்.

பிறகு பயோஸ் திரையைப் பார்த்தோம். கணனியைப் போட்டவுடன் டிலீட் அல்லது எப்2 விசையைத் தட்டினால் அது வரும். அதில் ஹார்ட்வெயார் மொனிட்டர் என்றோ பி.சி. ஹெல்த் என்றோ ஒரு பக்கம் இருந்தால், வோல்ட்டெல்லாம் அங்கே எழுதியிருக்கும். 12க்கு நேரே 11.9 என்று இருந்தது. தங்கச்சிக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப கரண்ட் சரிதானே ராத்தா, போர்டுதான் போயிட்டு." இந்த இலக்கத்தை முழுதாக நம்ப முடியாது. மதர்போர்ட்டில் உள்ள சிறு உணரி சொல்வது அது, பல போர்டுகளில் தவறாகவே காட்டும். அதுமட்டுமல்ல, பயோஸ் திரையில் கணனி பெரிய வேலை எதுவும் செய்வதில்லை. உட்கார்ந்திருப்பவரின் மூச்சை அளந்து, மாடிப்படி ஏற முடியுமா என்று சொல்வது எப்படி?

பல்மானியை எடுத்தேன். கறுப்பு முனையின் வயரைக் கொம் என்று எழுதிய துளையிலும், சிவப்பின் வயரை வி என்று எழுதிய துளையிலும் செருக வேண்டும். 10 ஆம்பியர் என்று இன்னொரு துளை இருக்கும், அதில் தவறியும் சிவப்பைச் செருகி வோல்ட் அளக்கக் கூடாது. அது மஞ்சளையும் கறுப்பையும் நேரே முடிச்சுப் போடுவதற்குச் சமம். சக்கரத்தை நேரோட்டப் பகுதியில் 20 என்ற இடத்துக்குத் திருப்ப வேண்டும். வி எழுத்தின் பக்கத்தில் ஒரு நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் அதுதான் நேரோட்டம். நெளிகோடு இருந்தால் ஆடலோட்டம்.

பக்கத் தகட்டைக் கழற்றினோம். பவர் சப்ளையிலிருந்து வரும் வயர்க் கொத்தில், எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கும் நான்கு துளை முனை ஒன்று கிடைத்தது. மஞ்சள், கறுப்பு, கறுப்பு, சிவப்பு. இப்படியொன்று இருந்தால் அதிர்ஷ்டம், வேறெதையும் தொட வேண்டியதில்லை. கணனி ஓடிக்கொண்டிருக்கும்போதே கறுப்பு முனையைக் கறுப்பு வயரின் துளையிலும், சிவப்பு முனையை மஞ்சள் வயரின் துளையிலும் வைத்தேன். 12.43. பிறகு சிவப்பு வயரில் 5.28. செம்மஞ்சளை அளப்பதற்கு மதர்போர்ட்டில் மாட்டியிருக்கும் 24 துளைப் பெரிய முனையின் பின்புறம், வயர் உள்ளே போகும் இடத்தில், முனையை மெல்ல இறக்க வேண்டும். 3.54 என்று காட்டியது.

எனக்குக் குழப்பம். மஞ்சள் எல்லைக்குள், மற்ற இரண்டும் எல்லையைத் தாண்டி. அப்படியானால் கணனி கருகியிருக்க வேண்டுமே. தங்கச்சியின் மூத்த மகன் சாதாரண தரம் படிக்கிறவன், பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தான். "பெரியம்மா, மீட்டர்ல பற்றரி அடையாளம் வருது" என்றான்.

நான் கவனிக்கவே இல்லை. இந்த மலிவுப் பல்மானிகள், உள்ளே இருக்கும் 9 வோல்ட் பற்றரி இறங்கும்போது, அளப்பதைவிடக் கூட்டிக் காட்டும். சோதித்துப் பார்க்கலாம் என்று கடையிலிருந்து புதிய டோர்ச் பற்றரி ஒன்றை எடுப்பித்தேன். புதிய 1.5 வோல்ட் பற்றரி சுமார் 1.6 காட்டுவது வழக்கம். என் மீட்டர் 1.71 என்றது. ஏறக்குறைய 7 வீதம் கூடுதல்! நாம் தேடுவதோ 5 வீத வித்தியாசத்தை. அவனையே மறுபடி அனுப்பி 9 வோல்ட் பற்றரியும் வாங்குவித்து மாற்றிய பிறகு, டோர்ச் பற்றரி 1.60 என்று ஒழுங்காக வந்தது.

மறுபடி முதலிலிருந்து. சிவப்பு 4.93, செம்மஞ்சள் 3.31, இரண்டும் நல்லபடி. மஞ்சள் 11.62. எல்லைக்குள்தான், ஆனாலும் கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இனிமேல்தான் உண்மையான சோதனை. கணனியில் இரண்டு பெரிய வீடியோக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, பெரியதொரு போல்டரை வேறிடத்துக்குக் கொப்பி பண்ணவும் கொடுத்தோம். பல்மானியின் இலக்கம் எங்கள் கண்முன்னாலேயே இறங்கியது. 11.50, 11.38, 11.21. அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி பிரிண்டும் கொடுத்தாள். கணனி நின்றுவிட்டது.

நல்ல பவர் சப்ளையில் சும்மா இருக்கும்போதும் வேலை செய்யும்போதும் மஞ்சளில் ஒரு வோல்ட்டின் பத்தில் ஓரிரு பங்குதான் வித்தியாசம் இருக்கும். இங்கே அதைப்போல இரு மடங்கு. புரொசஸரும் ஹார்ட் டிஸ்க்கின் மோட்டாரும் விசிறிகளும் இந்த மஞ்சளில்தான் தொங்குகின்றன. உள்ளே இருக்கும் கொள்ளளவிகள் சூட்டில் வருடக்கணக்காக வெந்து காய்ந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். அப்படிக் காய்ந்தவை வோல்ட்டில் நடுக்கத்தையும் உண்டாக்கும். அந்த நடுக்கத்தைப் பல்மானி காட்டாது, அதற்கு ஒஸிலஸ்கோப் வேண்டும். ஆகவே பல்மானி "கெட்டது" என்றால் கெட்டதுதான். "நல்லது" என்றால் மட்டும், அநேகமாக நல்லது என்றே கொள்ள வேண்டும்.

உறுதி செய்து கொள்வதற்காகப் பக்கத்து வீட்டு நானாவின் கணனியிலிருந்து பவர் சப்ளையை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தோம். அன்று முழுக்கக் கணனி ஒரு தடவையும் நிற்கவில்லை. அதே கடைக்கே தங்கச்சி போனாள். அளந்த இலக்கங்களை ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போய்க் கொடுத்தாளாம். அந்தத் தம்பி வாங்கிப் படித்துவிட்டு, "அப்ப சப்ளையை மட்டும் மாத்திப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார். 9,500 ரூபாயோடு வேலை முடிந்தது. புதியதை அளந்தபோது சும்மா இருக்கையில் 12.08, வேலை கொடுத்தபோது 11.98.

இன்னும் சில

சவூதியிலிருந்து வந்த பழைய கணனிகள் சில வீடுகளில் இன்னும் இருக்கும். அந்த நாட்டு வீடுகளில் நீண்ட காலம் 127 வோல்ட் மின்சாரம் இருந்தது. பழைய பவர் சப்ளைகளின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்புச் சுவிச் ஒன்று இருக்கும். அங்கே 115இல் வைத்துப் பாவித்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து பிளக்கில் போட்டால், பட்டாசுச் சத்தத்தோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். போடுமுன் அந்தச் சுவிச்சைப் பாருங்கள். புதிய பெட்டிகளில் பெரும்பாலும் அந்தச் சுவிச் இல்லை, அவை தாமாகவே சமாளித்துக் கொள்ளும்.

கணனியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் கையில் சுருசுருவென்று ஏறுகிறது என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அது பெரும்பாலும் எர்த் இல்லாத குறை. பவர் சப்ளையின் வாசலில் உள்ள சிறிய கொள்ளளவிகள் இரண்டு, கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்கு விடும்படியே அமைக்கப்பட்டவை. எர்த் இல்லாவிட்டால் அது பெட்டியில் தங்கி நிற்கும். மூன்று முள் பிளக்கை வெட்டி இரண்டு முள் பிளக் போட்டிருக்கிறீர்களா, அல்லது பேனா முனையால் சுவர்ப் பிளக்கின் மேல் துளையைத் திறந்து இரண்டு முள்ளைச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வயரிங் பாஸைக் கூப்பிட்டு, எர்த்தையும் ட்ரிப் சுவிச்சையும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள். பெட்டி சுருசுருக்கும் வரை பிள்ளைகளை அதில் கைவைக்க விட வேண்டாம்.

கணனியை நிறுத்தி வைத்தால் நேரமும் திகதியும் மாறிவிடுகிறது என்றால் பவர் சப்ளையைக் குறை சொல்லாதீர்கள். மதர்போர்ட்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற 3 வோல்ட் பற்றரி இருக்கிறது. பல்மானியில் 2.7, 2.8 என்று காட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

மடிக்கணனிக்கும் வீட்டு ரவுட்டருக்கும் தனித்தனி அடப்டர் உண்டு. எத்தனை வோல்ட் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். ரவுட்டருக்குப் பெரும்பாலும் 12 அல்லது 9, மடிக்கணனிக்கு 19 அல்லது 20. சிவப்பு முனையைக் குழாயின் உள்ளேயும் கறுப்பை வெளிப்புறத்திலும் வைத்து அளக்கலாம். 20 வோல்ட் அடப்டருக்குப் பல்மானியை 200க்குத் திருப்பிக் கொள்ள வேண்டும். இலக்கத்தின் முன் மைனஸ் வந்தால் முனைகள் மாறியிருக்கின்றன என்று அர்த்தம், பழுதல்ல. ஆனால் ஒரு அடப்டருக்குப் பதிலாக இன்னொன்றைப் போடும்போது இந்த மைனஸை அசட்டை செய்யக் கூடாது. உள்ளும் வெளியும் மாறிய அடப்டர் சில நொடிகளில் ரவுட்டரைக் கெடுத்துவிடும்.

தங்கச்சியின் காப்பு அவள் கையிலேயே இருக்கிறது. பல்மானியை மருமகன் கேட்டு வாங்கிக் கொண்டான். போன வாரம் கோல் எடுத்து, கடையிலிருந்து எடுத்து வந்த பழைய பவர் சப்ளையைத் திறந்து பார்க்கட்டுமா என்றான். தொடாதே, அதை அப்படியே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.